தேவமலரின் காருக்கு நான் போட்ட விலை

சென்ற மாதம் நம் காப்புறுதி நிறுவனத்தின் கிளைக்கு நான் வந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார், முப்பத்திரண்டு வருடம் வாகன மதிப்பீட்டாளராக இருந்த நான் பார்த்தவற்றுள் மறக்க முடியாத விபத்து எது என்று. ஏதோ ஒரு பஸ் விபத்தைச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உண்மையான பதில் இல்லை என்று பட்டது. உண்மையான பதில் ஒரு பழைய கார். அந்த விபத்தில் ஒருவரும் சாகவில்லை, பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. ஆனால் அந்தக் காருக்கு நான் எழுதிய அறிக்கையைப் பிழை என்று நானே எழுதித் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டி வந்தது. என் தொழிலில் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான். செய்ய வைத்தவர் உடுவிலைச் சேர்ந்த தேவமலர் என்ற பெண். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். வாசித்து முடித்த பிறகு என்னைக் கொஞ்சம் குறைவாக நினைத்தாலும் பரவாயில்லை.

வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவது நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. புது வாகனம் வராது என்றானதும் பழைய வாகனங்களுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. முற்றத்தில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த கார்களைக்கூடக் கழுவித் துடைத்து விற்றார்கள். எங்கள் கையிலோ தலைமையகம் அனுப்பும் சந்தை விலைப் பட்டியல். அது யாழ்ப்பாணம் வந்து சேரும்போதே பழசாகியிருக்கும். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அதைத்தான் பாவித்தோம். பட்டியலைப் பார்த்து எழுதியவனை ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை.

விபத்து நடந்தது கொடிகாமத்துக்கு இந்தப் பக்கம், பெரிய றோட்டில். சந்தைக்குத் திரும்புவதற்காகச் சிக்னல் போட்டுக் கார் நின்றிருக்கிறது. பின்னால் மணலோடு வந்த டிப்பர் ஈர றோட்டில் பிரேக் பிடிக்காமல் வந்து இடப்பக்கப் பின்மூலையில் இடித்தது. கார் சுழன்று மதகுக் கட்டில் மோதியது. பின்பக்கமும் இடப்பக்கமும் தகரப் பேணி மாதிரி நசுங்கிவிட்டன. ஓட்டி வந்த பெண் தோளில் ஒரு கண்டல் காயத்தோடு தப்பிவிட்டார். டிப்பர்காரனோடு மல்லுக்கட்டுவது எங்கள் நிறுவனத்தின் பாடு. காருக்குரியவருக்கு இழப்பைக் கொடுத்து முடிப்பது எங்கள் கடமை. அதுவரை எல்லாம் வழக்கமான கதைதான்.

கொடிகாமம் பொலிஸ் நிலைய வளவில் காரைப் பார்க்கப் போன அன்றும் மழை. அன்றைக்கு இன்னும் மூன்று வாகனம் பார்க்க இருந்தது. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நாலு பக்கமும் படம் எடுத்தேன். முப்பது வயது தாண்டிய ஜப்பான் கார், கிளட்ச் இல்லாத ஓட்டோ கியர். திருத்த முடியாது என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்தது. சாரதிப் பக்கக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தபோது ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு இரும்புக் கம்பிகள் தெரிந்தன. யாரோ கராஜில் கண்டபடி எதையோ பூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் பக்கக் கதவு நசுங்கவில்லை. திறந்திருக்கலாம். திறக்கவில்லை. 'முழு இழப்பு' என்று எழுதி, அதன் கீழே 'அனுமதியற்ற மாற்றங்கள் உண்டு, பெறுமதியில் கழிக்கவும்' என்றும் எழுதினேன். பட்டியல் விலை, அதில் கழிவு. காருக்குரியவர் அதைக் காப்புறுதி செய்திருந்த தொகையில் அரைவாசிகூட வரவில்லை. கிளையிலிருந்து அந்தத் தொகைக்குச் சம்மதப் பத்திரம் போனது.

ஒரு கிழமை கழித்து, அலுவலக வாசலில் நிற்கும் காவலாளி மேலே வந்து, கீழே ஓட்டோவில் ஒரு பெண் இருக்கிறார், என்னைப் பார்க்க வேண்டுமாம் என்றார். எங்கள் பிரிவு அப்போது முதலாம் மாடியில் இருந்தது. மேலே வரச் சொல்லுங்கள் என்றேன். அவர் போய்விட்டுத் திரும்பி வந்து, நீங்கள்தான் கீழே வர வேண்டுமாம் என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. வேலை இருக்கிறது, வருவதென்றால் வரட்டும் என்றேன். மூன்றாவது தடவை காவலாளி என் மேசைக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தி, "சேர், அவவுக்குப் படி ஏறேலாது" என்றார்.

இறங்கிப் போனேன். நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த பெண். இரண்டு கால்களிலும் இரும்புச் சட்டம். பக்கத்தில் ஊன்றுகோல்கள். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என்று பின்னர் அறிந்தேன். மடியில் எங்கள் பத்திரம், கையெழுத்தில்லாமல்.

"ஐயா, நீங்கள்தானோ என்ரை காரைப் பாத்தது?"

ஓம் தங்கச்சி என்றேன்.

"இதிலை 'அனுமதியற்ற மாற்றம்' எண்டு கிடக்கு. ஆர் எழுதினது?"

நான்தான் என்றேன்.

"கதவைத் திறந்து உள்ளுக்குப் பாத்தனீங்களோ?"

வெயிலில் றோட்டோரம் நின்றுகொண்டிருக்கிறேன். ஓட்டோச் சாரதி முன்கண்ணாடியால் என்னைப் பார்க்கிறான். மேலே ஜன்னலில் எங்கள் கிளை முகாமையாளர் எட்டிப் பார்ப்பதும் தெரிகிறது. பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம்; யார் சாட்சி? முப்பது வருட அனுபவம் நாக்கு நுனி வரை ஒரு பொய்யைக் கொண்டுவந்து வைத்தது. அந்தக் கால்களைப் பார்த்தபோது ஸ்டியரிங்குக்குக் கீழே நான் கண்ட கம்பிகள் என்னவென்று விளங்கிவிட்டது. இல்லை என்று சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அப்ப ஒருக்கால் திறந்து பாருங்கோ. பாத்துப்போட்டும் இதுதான் விலையெண்டு சொன்னால், நான் யோசிக்கிறன்" என்றார். பத்திரத்தை என் கையில் தந்துவிட்டு ஓட்டோவை எடுக்கச் சொன்னார்.

மேலே போய் அவருடைய கோவையைப் பிரித்தேன். இரண்டாவது தாளிலேயே இருந்தது: கால்களைப் பாவிக்க முடியாத சாரதிக்காக பிரேக்கையும் அக்சிலேட்டரையும் கையால் இயக்கும்படி மாற்றியதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கொடுத்த அனுமதிக் கடிதம். விண்ணப்பத்தில் அவரே அழகான கையெழுத்தில் அதை விவரித்திருந்தார். எங்கள் கிளை அதை ஏற்று முத்திரை குத்தியிருந்தது. அறிக்கை எழுதுவதற்கு முதல் கோவையைப் பார்ப்பது எனக்கு அரை மணித்தியால வேலை. அந்த அரை மணித்தியாலத்தை மிச்சம் பிடித்தேன்.

அன்று பின்னேரமே கொடிகாமம் போய்க் கதவைத் திறந்து ஆசனத்தில் உட்கார்ந்தேன். ஒரு கம்பியைத் தள்ளினால் பிரேக், மற்றதை இழுத்தால் வேகம். கோண்டாவிலில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் செய்து கொடுத்ததாம். கைப்பிடியில் சைக்கிள் ரியூப் சுற்றியிருந்தது. கை பட்டுப் பட்டு இரும்பு வெள்ளி மாதிரி மினுங்கியது. கீழே குனிந்து மிதிகளைப் பார்த்தேன். முப்பது வருடக் காரில் பிரேக் மிதியின் ரப்பர் பெரிதாகத் தேயவில்லை; வரிகள் அப்படியே இருந்தன. எத்தனையோ கார்களின் மிதிகளைப் பார்த்திருக்கிறேன். கால் படாமல் இவ்வளவு காலம் ஓடிய காரின் மிதியை அன்றுதான் பார்த்தேன்.

தேவமலர் என்ன வேலை செய்கிறார் என்பதையும் அதற்குப் பிறகுதான் விசாரித்தேன். தையல் மெஷின் திருத்துபவர். யாழ் குடாநாட்டில் வீடு வீடாகவும், பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து தைக்கும் தையல் நிலையங்களிலும் பழுதாகும் மெஷின்களை நேரே போய்த் திருத்துவார். மெஷினைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு வர எல்லோராலும் முடியாது; அதனால் அவர் போனார். நீர்வேலி, கொடிகாமம், பருத்தித்துறை என்று அந்தக் காரில் ஓடினார். 'மெஷின் அக்கா' என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். இப்போது கார் இல்லை. ஓட்டோவில் போய் வந்தால் உழைப்பில் பாதி ஓட்டோவுக்கே போய்விடும்.

எங்கள் முகாமையாளர் இளவயதுக்காரர், கெட்ட மனிதர் அல்ல. நடந்ததைச் சொன்னதும் கழிவை நீக்கச் சம்மதித்தார். ஆனால் அடிப்படை விலை பட்டியல் விலைதான் என்றார். தலைமையகத்தோடு கதைத்ததில் அவர்கள் ஒரு வழி சொன்னார்கள்: நல்லெண்ணமாக ஒரு தொகை சேர்த்துக் கொடுக்கலாம், காசோலை கொடுப்பதை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் போடலாம். முகாமையாளருக்கு அது நல்ல முடிவாகப் பட்டது. எனக்கும்தான். உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது. என் பிழை ஒரு படத்துக்குப் பின்னால் மறைந்துபோகும்.

இருவரும் நீர்வேலியில் அவர் வேலை செய்துகொண்டிருந்த தையல் நிலையத்துக்குப் போனோம். வாழைத்தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறிய மண்டபம். தேவமலர் நிலத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, சரித்து வைத்த மெஷினின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தார். சுற்றி ஏழெட்டுப் பெண்கள் பாடசாலைச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார்கள். முகாமையாளர் கதிரையில் உட்காராமல் அவருக்கு எதிரே நிலத்திலேயே குந்திக்கொண்டு விசயத்தைச் சொன்னார்.

தேவமலர் கேட்டுவிட்டு, அந்த மேலதிகத் தொகையை எப்படிக் கணக்குப் பார்த்தீர்கள் என்றார்.

"அது கணக்கில்லை அக்கா. எங்கடை நல்லெண்ணம்."

"கணக்கில்லாத காசு எனக்கு வேண்டாம், தம்பி" என்றார் அவர். திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. "நாளைக்கு உங்கடை கதிரையிலை நல்லெண்ணம் இல்லாத ஒராள் வந்திருந்தால், என்னைப் போல வாற அடுத்த ஆளுக்கு என்ன நடக்கும்? என்ரை கார் என்ன பெறுமதியோ அதைத் தாங்கோ. ஒரு ரூபாயும் கூட வேண்டாம்."

மண்டபத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. முகாமையாளரின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் கெட்ட மனிதர் அல்ல என்றேனே, படம் எடுக்கும் கதையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பெறுமதியைத் தீர்மானிப்பது பட்டியல், அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை என்றார். சரி, நான் எழுத்தில் தாறன் என்றார் தேவமலர்.

மூன்றாம் நாள் பதிவுத் தபால் வந்தது. ஒரே ஒரு பக்கம். இப்படிப்பட்ட கடிதங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பாதி அழுகை, பாதி மிரட்டல். இதில் இரண்டும் இல்லை. காப்புறுதித் தொகை, சந்தைப் பெறுமதி இரண்டில் குறைந்ததைத்தான் நிறுவனம் தரும் என்பது தனக்குத் தெரியும் என்று முதலிலேயே எழுதியிருந்தார். ஆகவே முழுத் தொகையைக் கேட்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் அதே பக்கத்தில், நிறுவனம் காசாகவும் தரலாம், அல்லது அதே தரத்தில் வேறொரு வாகனத்தை எடுத்தும் தரலாம் என்று இருக்கிறது. உங்கள் பட்டியல் விலை சரியென்றால் அந்த விலைக்கு ஒரு கார் கிடைக்கத்தானே வேண்டும்? அதே ரகம், ஓட்டோ கியர். அதை எடுத்துத் தாருங்கள். எனக்குக் காசே வேண்டாம். இதுதான் கடிதம்.

முகாமையாளர் வாசித்துவிட்டுச் சிரித்தார். பிறகு இன்னொரு தடவை வாசித்தார். "போய்த் தேடிப் பாருங்கோ சேர்" என்று என்னிடம் சொன்னார். "கிடைச்சால் எடுத்துக் குடுத்து முடிப்பம்."

தேடப் போனேன். என் மனநிலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிடைக்க வேண்டும் என்று விரும்பித்தான் போனேன். என் விலை சரியாக இருந்துவிட வேண்டும் என்று இருந்தது. முப்பது வருடம் மற்றவர்களின் வாகனங்களுக்கு விலை சொன்னவன், முதல்தடவையாக அந்த விலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாங்குபவனாக வெளிக்கிட்டேன்.

கொடிகாமத்தில் வாகனம் விற்கும் வளவொன்றில் தொடங்கினேன். தொகையைச் சொன்னதும் வளவுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணை, உந்தக் காசுக்கு ஒரு நல்ல ஓட்டோவும் வராது" என்றார். சுன்னாகத்தில் ஒரு தரகர், இரண்டு வருடத்துக்கு முதல் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். பருத்தித்துறையில் ஒருவரிடம் அதே ரகக் கார் இருந்தது. சாதாரணக் கியர், ஒரு பக்கம் துரு. அதற்கே அவர் சொன்ன விலை எங்கள் பட்டியலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பேரம் பேசிப் பார்த்தேன். அவருடைய மனைவி உள்ளே இருந்தபடியே, விற்கிற எண்ணமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நாலு நாளில் பதினொரு இடம். நாலாம் நாள்தான் புத்தி வந்தது. வெறுங்கையோடு திரும்பி 'கிடைக்கவில்லை' என்று சொன்னால் அது என் வாய்ச்சொல். ஏற்கெனவே போன இடங்களுக்குத் திரும்பவும் போய், இந்தத் தொகைக்குத் தர முடியாது, எங்கள் விலை இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொல்லிக் கேட்டேன். ஆறு பேர் எழுதித் தந்தார்கள். சுன்னாகத் தரகர் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய தொழில் இரகசியம் ஏதாவது உண்டென்றால் இதுதான்: நீங்கள் எழுதும் விலைக்கு உங்களால் அந்தச் சாமானை வாங்க முடியுமா என்று ஒரு தடவையாவது கடைக்குப் போய்ப் பாருங்கள்.

இனி என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. மதிப்பீட்டாளர் ஒருவர் தன் அறிக்கையைத் தானே பிழை என்று எழுதினால், அவருடைய பழைய அறிக்கைகளையும் தோண்டுவார்கள். மூத்த நண்பர் ஒருவர், புது அறிக்கை எழுதாமல் 'மேலதிக விளக்கம்' என்று ஒரு சொல்லைப் போட்டு நழுவச் சொன்னார். நல்ல ஆலோசனைதான். ஆனால் வாசலில் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்று இல்லை என்று ஒருதடவை சொல்லியாயிற்று. அங்கே அதைச் சொல்லிவிட்டு மேலே வந்து வேறு மாதிரி எழுத மனம் வரவில்லை. 'எனது முதல் அறிக்கை பிழையானது. வாகனத்தின் உட்புறத்தை நான் பரிசோதிக்கவில்லை' என்று தொடங்கிப் புது அறிக்கை எழுதினேன்.

அறிக்கையை வாகனக்காரருக்குக் காட்டும் வழக்கம் எங்களிடம் இல்லை. முதல்தடவை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிய குற்ற உணர்ச்சியில், அனுப்புவதற்கு முதல் உடுவிலுக்குக் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை, தேவமலர் ஆராதனை முடிந்து வந்திருந்தார். முன் அறை முழுக்க மெஷின் தலைகள். வாசலில் படிக்குப் பதில் சரிவாகச் சீமெந்து போட்டிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் வாசித்தார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"உந்தக் கம்பியளுக்கு ஏன் இவ்வளவு விலை போட்டிருக்கிறியள்?" என்று கேட்டார்.

அது காரின் ஒரு பகுதிதானே, புதிதாகச் செய்வதற்கு அவ்வளவு வரும், கோண்டாவில் பட்டறையில் விசாரித்துத்தான் போட்டேன் என்றேன்.

"அது உடையேல்லையே, ஐயா. கழட்டி அடுத்த காருக்குப் பூட்டலாம். பூட்டுக்கூலியை மட்டும் போடுங்கோ." பிறகு அடுத்த பக்கத்தைக் காட்டினார். "முன் ரயர் ரெண்டும் நல்ல நிலை எண்டு எழுதியிருக்கிறியள். அது தேஞ்சது. மாத்த வேணும் மாத்த வேணும் எண்டு நான்தான் பின்னுக்குத் தள்ளினனான்."

எனக்கு வியப்பாக இருந்தது. தங்கச்சி, இது உங்களுக்குச் சாதகம்தானே, கொழும்பிலை எப்படியும் கொஞ்சம் வெட்டுவார்கள், அதற்கு இது இருக்கட்டும் என்றேன். அதாவது, முதலில் அவருக்குப் பாதகமாகக் கவனமில்லாமல் எழுதியவன், இப்போது அவருக்குச் சாதகமாகக் கவனமில்லாமல் எழுதியிருந்தேன்.

"குறைச்சு எழுதினதுக்குத்தான் உங்களோடை சண்டை பிடிச்சனான்" என்றார் அவர். "கூட்டி எழுதினதை வாங்கினால், நான் பிடிச்ச சண்டைக்கு என்ன மரியாதை? உண்மையானதை எழுதுங்கோ. அதுக்குப் பிறகு அவை வெட்டினால், ஏன் வெட்டினவை எண்டு அவைதான் சொல்ல வேணும்."

தேநீர் வந்தது. குடித்துக்கொண்டே அவருடைய மேசையில் வைத்து இரண்டு இடத்தையும் வெட்டித் திருத்தினேன். அப்போது அவருக்குக் கார் இல்லாமல் ஆறு கிழமை. இரண்டு தையல் நிலையங்கள் காத்திருக்க முடியாமல் வேறு ஆளைப் பிடித்துவிட்டன என்பதைப் பேச்சுவாக்கில் சொன்னார். முதல் பத்திரத்திலேயே கையெழுத்து வைத்துக் காசை எடுத்திருந்தால் ஒரு பழைய வாகனத்தையாவது கடன்பட்டு வாங்கி ஓடியிருக்கலாம். தாமதம் யாரையும் தளர்த்தும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அவரைத் தளர்த்தவில்லை. ஆனால் அவர் கொடுத்த விலை சிறியதல்ல என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கை கொழும்புக்குப் போய்ப் பத்தாம் நாள் தலைமையகப் பொறியியலாளர் தொலைபேசியில் வந்தார். என்னுடைய அறிக்கையை நானே மறுக்கிறேனா என்று கேட்டார். ஆமென்றேன். விலை கேட்டுப் போன இடங்கள், ஆட்கள், கலண்டர்த் தாள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். குரலில் நம்பிக்கை இல்லை. உள்ளூர் ஆள் உள்ளூர் ஆளுக்கு உதவுகிறான் என்று நினைத்திருப்பார். பிறகு, இந்த இரண்டு இடத்தில் வெட்டித் தொகையைக் குறைத்திருக்கிறதே, அது யார் செய்தது என்றார்.

வாகனக்காரர் சொல்லித்தான் வெட்டினேன் என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, அந்தக் கம்பிகளைக் கவனமாகக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் உடைந்த காரை எடுக்க வேண்டும், அதற்குரிய ஏற்பாட்டை நீங்களே செய்யுங்கள் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். விலையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் வரவில்லை.

காப்புறுதித் தொகைக்குச் சற்றுக் குறைவாக முடிவு வந்தது. குறைத்ததற்குக் காரணம் எழுதியிருந்தார்கள்: காரின் வயதும் தேய்ந்த ரயர்களும். எனக்கும் ஒரு கடிதம் வந்தது, பரிசோதனையில் கவனக்குறைவு என்று. அது என் கோவையில் இருக்கிறது. அதோடுதான் ஓய்வு பெற்றேன். அந்த வருடமே புது விலைப் பட்டியல் வந்தது, அதற்குக் காரணம் இந்தக் கார்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை.

கையெழுத்து வைக்கும் அன்று பத்திரங்களை நானே கீழே கொண்டுபோனேன். தேவமலர் ஓட்டோவில் இருந்தார். கிளிநொச்சியில் ஓட்டோ கியர் கார் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும், இன்றைக்குக் காசோலை கிடைத்தால் முற்பணம் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். கம்பிகள் ஏற்கெனவே கோண்டாவில் பட்டறைக்குப் போய்விட்டனவாம். முகாமையாளரும் இறங்கி வந்து நின்றார். நாலு பக்கப் பத்திரம். வழக்கமாக ஆட்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்து வைப்பார்கள். அவர் முதல் எழுத்திலிருந்து வாசித்தார். நாங்கள் இருவரும் வெயிலில் காத்து நின்றோம்.

இரண்டாம் பக்கத்தில் அவருடைய விரல் நின்றது.

"ஐயா, இதையும் ஒருக்கால் மாத்த வேணும்."

குனிந்து பார்த்தேன். பெயர், முகவரி, அதற்குக் கீழே 'தொழில்: இல்லை'. முதல் அறிக்கையில் மழைக்குள் நின்று நான் எழுதியது. அவரைப் பற்றி எதுவும் தெரியாதபோது எழுதியது, அவர் பார்க்காத அலுவலகத் தாள்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏறி ஏறிக் கடைசிப் பத்திரம் வரை வந்திருந்தது. இத்தனைக்கும் பிறகும் என் கண்ணில் படவில்லை.

என்னவென்று எழுதட்டும் என்று கேட்டேன்.

"தையல் மெஷின் திருத்துநர்."

ஓட்டோவின் ஆசன ஓரத்தில் தாளை வைத்து, 'இல்லை' என்பதை வெட்டி, அவர் சொன்னபடி எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தை வைத்தேன். முகாமையாளரும் வைத்தார். தேவமலர் அதை ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தன் கையெழுத்தை வைத்தார்.